கணவர் இறந்துவிட்டார், வீட்டுக் கடன் தவணை நிற்கிறது: முதலில் எதைச் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது 'வங்கியில் மாரட்டோரியம் (தவணையைச் சில மாதம் நிறுத்திவைக்கும் சலுகை) கிடைக்குமா, வீட்டை எடுத்துக்கொள்வார்களா' என்று. ஆனால் எழுதியிருப்பதை முழுசாகப் படித்தால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு. 22 ஆயிரம் சம்பளத்தை வைத்துக்கொண்டு 26 ஆயிரம் தவணை உள்ள வீட்டைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன். மாரட்டோரியம் நடுவில் வந்துவிடும். பொதுத்துறை வங்கி ஒன்றில் சில்லறைக் கடன் பிரிவிலும், அப்புறம் கடன் வசூல் பிரிவிலும் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை. உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் சொல்வதால், எது நிச்சயம், எது வங்கிக்கு வங்கி மாறும் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த விவரம் இது. கணவர் பிப்ரவரியில் மாரடைப்பில் தவறிவிட்டார். தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர், பிஎஃப் பிடித்தம் உண்டு. 30 லட்சம் கடன், 20 வருடத் தவணை, ஆறு வருடம் கட்டியாயிற்று. கடனில் நீங்களும் கூட்டுக் கடன்தாரர். பத்திரம் அவர் பெயரில் மட்டும். மாமியார் உங்களோடு இருக்கிறார், பிள்ளைகள் இருவரும் மைனர். ஏப்ரல் 5, மே 5 இரண்டு தவணையும் நிற்கின்றன. வங்கியிலிருந்து தினமும் ஃபோன்.

முதலில் கேட்கவேண்டியது மாரட்டோரியம் இல்லை அம்மா, இன்சூரன்ஸ். வீட்டுக் கடன் கொடுக்கும்போது பல வங்கிகள் கூடவே ஒரு கடன் காப்பீட்டையும் போட்டுவிடுவார்கள். ஒரே தடவை பிரீமியம், அதையும் கடனோடு சேர்த்துவிடுவதால் கையிலிருந்து பணம் போயிருக்காது. அதனால் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் கடன் கணக்கின் முதல் இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பில்டருக்கோ விற்றவருக்கோ போன பெரிய தொகைகளுக்கு நடுவில், ஒரு லட்சத்துக்குள், முழு ஆயிரமாக இல்லாத ஒரு தொகை ஏதாவது ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்குப் போயிருந்தால் அதுதான். இது குரூப் பாலிசி என்பதால் தனிப் பாலிசிப் பத்திரம் இருக்காது, 'காப்பீட்டுச் சான்றிதழ்' என்று ஒரு தாள்தான் வந்திருக்கும். தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், வங்கியிடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் நகல் இருக்கும்.

அந்தச் சான்றிதழில் இரண்டு விஷயத்தைப் பார்க்கவேண்டும். ஒன்று, காப்பீடு கணவருக்கு மட்டுமா, இல்லை இருவருக்கும் பங்கு பிரித்தா என்பது. இருவர் வருமானத்தை வைத்து 60க்கு 40 என்று பிரித்திருந்தால் அவர் பங்கு மட்டுமே கிடைக்கும். இரண்டாவது, அதன் பின்பக்கம் வருடவாரியாகக் குறைந்துகொண்டே போகும் ஒரு பட்டியல் இருக்கும். தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் பாக்கி எவ்வளவு இருந்திருக்குமோ அதற்குத்தான் காப்பீடு. ஆகவே நின்றுபோன தவணையும் அபராதமும் உங்கள் தலையில்தான் இருக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பை மறைத்துவிட்டார் என்று கிளெய்மை மறுக்கப் பார்ப்பதும் நடக்கும். காப்பீடு தொடங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆவது பிரிவு இடம் தராது. உங்கள் கடனுக்கு ஆறு வயது. மறுத்துக் கடிதம் வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போகவேண்டும்.

கடன் காப்பீடு இல்லவே இல்லை என்றாலும் கைக்கு வரவேண்டிய பணம் வேறு இருக்கிறது. பிஎஃப் சந்தாதாரர் வேலையில் இருக்கும்போதே இறந்தால் பிஎஃப் இருப்பு தனி, அதோடு இடிஎல்ஐ என்ற காப்பீடும் உண்டு. அதிகபட்சம் 7 லட்சம். இதற்கு அவர் சம்பளத்தில் எதுவும் பிடித்திருக்கமாட்டார்கள், முதலாளிதான் கட்டுகிறார். அதனாலேயே பல குடும்பங்களுக்கு இது தெரியாது. விதவை ஓய்வூதியமும், 25 வயது வரை பிள்ளைகளுக்கு ஓய்வூதியமும் தனியாக உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து இறப்புக்கான கூட்டு விண்ணப்பம் ஒன்றே போதும், கம்பெனியின் ஹெச்ஆரில் கேளுங்கள். அடுத்து அவருடைய சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கில் போன வருடம் மே கடைசி, ஜூன் ஆரம்பப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் என்று ஒரு பிடித்தம் இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் வரும். 20 ரூபாய் பிடித்தம் விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்கு அது பொருந்தாது.

இந்தப் பணங்கள் வரும்போது, கடன் வாங்கிய வங்கியில் உள்ள உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள். வேறு வங்கியில் ஒரு கணக்கு திறந்து அதைக் கொடுங்கள். நீங்கள் கூட்டுக் கடன்தாரர் என்பதால், அங்கே உங்கள் கணக்கில் விழும் பணத்தை நிலுவைக்கு நேர்செய்ய வங்கி முயலலாம். பணத்தைக் கடனுக்குக் கட்டுவதா, எவ்வளவு கட்டுவதா என்பதை நீங்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவேண்டும், கம்ப்யூட்டர் செய்யக்கூடாது. இத்தனை வருடம் வங்கியில் சம்பளம் வாங்கிய நானே இதைச் சொல்வது சில பழைய சகாக்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

இப்போது அவசரமான விஷயம், நாள் கணக்கு. மிகப் பழைய நிலுவைத் தவணையின் தேதியிலிருந்து 90 நாள் போனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். உங்களுக்கு அது ஏப்ரல் 5இல் தொடங்குகிறது, ஜூலை 4 அன்று 90 முடிகிறது. இடையில் ஒரே ஒரு தவணையை முழுதாகக் கட்டினால் அது ஏப்ரல் பாக்கியில் போய்ச் சேரும், பழைய நிலுவை மே 5 ஆகிவிடும், கெடு ஆகஸ்ட் 3க்குத் தள்ளிப்போகும். ஆனால் 90ஐத் தாண்டி வாராக்கடன் ஆனபிறகு இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது ஒரு தவணை, இரண்டு தவணை கட்டிப் பயனில்லை. நிலுவை மொத்தத்தையும் கட்டினால்தான் கணக்கு பழையபடி ஒழுங்கு நிலைக்குத் திரும்பும். ஆகவே ஜூலைக்கு முன் கட்டும் 26 ஆயிரத்துக்கு இருக்கும் பலம், ஜூலைக்குப் பின் கட்டும் 26 ஆயிரத்துக்கு இல்லை. நகையை அடகு வைத்து இஎம்ஐ கட்டுவதை நான் பொதுவாக ஆதரிப்பதில்லை. ஆனால் கிளெய்ம் பணம் வரப்போகிறது என்று தெரிந்த நிலையில், இந்தக் கெடுவைத் தள்ளிப்போட ஒரு தவணைக்காக அடகு வைப்பது நியாயமான காரணம். ஆப் கடன், கிரெடிட் கார்டுப் பணம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தவணை எந்தக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது? கணவரின் கணக்கிலிருந்து என்றால், இறப்பைத் தெரிவித்தவுடன் அந்தக் கணக்கு முடங்கிவிடும். அதில் பணமே இருந்தாலும் தானியங்கிப் பிடித்தம் திரும்பும், ஒவ்வொரு தடவைக்கும் ரிட்டர்ன் கட்டணம் ஏறும். அந்தத் தானியங்கிப் பிடித்த ஆணையை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, கடன் கணக்கு எண்ணுக்கே நேரடியாகப் பணம் அனுப்புங்கள். தாமதத்துக்கு அவர்கள் போடும் அபராதத்தையும் கவனியுங்கள். 2024 முதல் அதை வட்டியாகப் போடக்கூடாது, அபராதக் கட்டணமாகத்தான் போடலாம், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏற்றக்கூடாது.

சரி, மாரட்டோரியம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி அனுமதித்தது எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அது எப்போதோ முடிந்தது. கணவர் இறந்தார், வேலை போனது, உடம்பு முடியவில்லை என்பதற்காகத் தவணையை நிறுத்திவைக்கும் உரிமை எதுவும் கடன்தாரருக்கு இன்று கிடையாது. வங்கி மனது வைத்தால் மறுசீரமைப்பு செய்யலாம், அவ்வளவுதான். மேனேஜர் ஏன் அதற்குப் பிடிகொடுக்கமாட்டார் என்றால், கஷ்டத்தில் இருப்பவருக்குக் கடன் நிபந்தனையைத் தளர்த்தினால், அதுவரை ஒழுங்காக இருந்த கணக்கைக்கூட உடனே வாராக்கடன் பட்டியலுக்கு இறக்கவேண்டும் என்பது பொதுவான விதி. உங்களுக்கு இரக்கப்பட்டால் அவர் கிளையின் கணக்கு கெடும். சிபில் என்ற உங்கள் கடன் வரலாற்றுப் பதிவிலும் 'மறுசீரமைக்கப்பட்டது' என்று ஏறும். அதோடு, கிளை மேலாளரே இதை முடிவு செய்வதும் அபூர்வம். கோப்பு வட்டார அலுவலகத்துக்குப் போகவேண்டும். அதனால்தான் 'பாக்கலாம் மேடம்' என்ற பதில் வருகிறது.

அது கிடைத்தாலுமே எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். 30 லட்சத்துக்கு 20 வருடத் தவணை சுமார் 26,000. ஆறு வருடம் கட்டியபின் அசல் பாக்கி சுமார் 25.5 லட்சம். ஆறு வருடத்தில் கிட்டத்தட்ட 19 லட்சம் கட்டியும் அசல் நாலரை லட்சம்தான் குறைந்திருக்கிறது, ஆரம்ப வருடங்களில் எல்லோருக்கும் இப்படித்தான். மீதி 14 வருடத்தை 20 ஆக நீட்டினால் தவணை 22,150 ஆகும். மாதம் நாலாயிரத்துக்கும் குறைவான நிவாரணம். அதற்கு விலை மொத்தத்தில் சுமார் 9.4 லட்சம் கூடுதல். அசலே கட்டாமல் வட்டியை மட்டும் கட்டினால்கூட மாதம் 18,000. உங்கள் மொத்தச் சம்பளம் 22 ஆயிரம். வட்டியில் அரை சதவீதம் குறைத்து வாங்கினால் மிச்சமாவது எழுநூறு ரூபாய். கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் அது உங்களைக் காப்பாற்றாது.

அசலைக் குறைப்பதுதான் வேலை செய்யும். இடிஎல்ஐ, பிஎஃப், காப்பீடு எல்லாம் சேர்ந்து 10 லட்சத்தைக் கடனில் போட்டால் பாக்கி 15.5 லட்சம், அதே 14 வருடத்துக்குத் தவணை 15,800 ஆகிவிடும். இதில் பலர் கோட்டைவிடும் ஓர் இடம் இருக்கிறது. பகுதி அசல் கட்டினால் பெரும்பாலான வங்கி மென்பொருள்கள் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு வருடத்தைத்தான் குறைக்கும். 10 லட்சம் கட்டிவிட்டு மறு மாதமும் 26 ஆயிரம் பிடித்தம் ஆவதைப் பார்த்து ஓடிவருவார்கள். 'பகுதி முன்கட்டணம் செலுத்துகிறேன், கடன் காலத்தை மாற்றாமல் மாதத் தவணையைக் குறைத்துத் தரவும்' என்று கட்டும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்கு முன்கட்டண அபராதம் கிடையாது. அதே சமயம் வந்த பணம் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். ஒரு வருட வீட்டுச் செலவும் பிள்ளைகள் ஃபீசும் தனியாக இருக்கட்டும். கடனில் போட்ட பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது.

வீட்டை எடுத்துக்கொள்வார்களா என்பதற்கு வருகிறேன். ஒரே நாளில் யாரும் வந்து பூட்ட முடியாது. வாராக்கடன் ஆனபிறகு 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தில் (வங்கி நீதிமன்ற வழக்கு இல்லாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ் தரவேண்டும். அதற்கு நீங்கள் எழுத்தில் பதில் தந்தால் அவர்கள் 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லவேண்டும். அதன்பிறகுதான் சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுக்கும் அறிவிப்பு. அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாகும்வரை முழுப் பாக்கியையும் கட்டி மீட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அறிவிப்பு வெளியான பின் அந்த உரிமை போய்விடும், உச்ச நீதிமன்றம் 2023இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இதெல்லாம் எத்தனை மாதம் இழுக்கும் என்பது வங்கிக்கு வங்கி, ஊருக்கு ஊர் மாறும், நம்பி உட்காரக்கூடாது. வசூல் ஃபோன்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் வரக்கூடாது. மாமியாருக்கோ பள்ளிக்கோ ஃபோன் போட்டு அவமானப்படுத்துவதும் கூடாது. வந்தால் தேதி, நேரம், எண் குறித்து வையுங்கள்.

வங்கிக்கு நீங்கள் எழுதவேண்டிய கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். கணவர் இறந்த தேதியையும் கடன் கணக்கு எண்ணையும் எழுதி, இந்தக் கடனோடு இணைந்த காப்பீட்டின் விவரத்தையும் கிளெய்ம் படிவத்தையும் கேளுங்கள். இடிஎல்ஐ பணத்துக்கு விண்ணப்பித்திருப்பதையும், எந்த மாதத்துக்குள் எவ்வளவு அசல் கட்டத் திட்டம் என்பதையும் சொல்லுங்கள். அதுவரை குறைந்த தொகை ஏதாவது கட்ட முடிந்தால் அந்த எண்ணையும் போடுங்கள். 'கருணை காட்டவும்' என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, தேதியும் தொகையும் உள்ள கடிதம்தான் மேலிடத்துக்குக் கோப்பாகப் போகும். நகலில் கிளையின் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், 14448இல் விவரம் கேட்கலாம். கடன் கொடுத்தது வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போகவேண்டும். ஆனால் ஒன்று, தவணையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் உத்தரவு போடமாட்டார்கள். அது வங்கியின் வணிக முடிவு. பதில் தராதது, காப்பீட்டு விவரத்தை மறைத்தது, தவறான கட்டணம், வசூல் அத்துமீறல் மாதிரி விஷயங்களுக்குத்தான் அங்கே பலன்.

எல்லாப் பணமும் சேர்ந்தும் தவணை உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் நிற்கிறது என்றால், என் அபிப்பிராயம் வீட்டை நீங்களே விற்றுவிடுவதுதான். இது சட்டம் இல்லை, என் கருத்து. வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம் என்று உறவினர் சொல்வார்கள். நம் ஊர்களில் வாடகை தவணையில் பாதிகூட வருவது கஷ்டம். ஏலத்தில் போகும் விலை வேறு, நீங்கள் நிதானமாக ஆள் பார்த்து விற்கும் விலை வேறு. வங்கியில் நிலுவைக் கடிதமும், அவர்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் வாங்கி வாங்குபவரிடம் கொடுத்தால், அவருடைய வங்கியே உங்கள் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுக்கொள்ளும். தினமும் நடக்கும் விஷயம்தான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் விற்பனைக்கு ஒரு முடிச்சு இருக்கிறது, அதனால் விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இப்போதே தொடங்கவேண்டும். பத்திரம் கணவர் பெயரில் மட்டும், உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால் வீடு இப்போது நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் நால்வருக்கும் கால் பங்கு. மாமியார் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. பிள்ளைகள் மைனர் என்பதால், தாயாகவே இருந்தாலும் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள், பிஎஃப், இன்சூரன்ஸ், வங்கி எல்லா இடத்திலும் அது கேட்பார்கள். நீதிமன்ற மனுவுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. எண் 15100.

 

அம்மா, ஒப்புதல் கடிதத்திலும் முதல் மாத ஸ்டேட்மென்ட்டிலும் காப்பீடு பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். கணக்கு எண்ணையும் பெயரையும் மறைத்துவிடுங்கள். அது தெரிந்தால், எவ்வளவு அசல் கட்டினால் தவணை எங்கே வந்து நிற்கும் என்று போட்டுத் தருகிறேன்.